கேட்காமல் நின்ற கார்

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு பிரதேச சபையில் கட்டட விண்ணப்பங்களைப் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு மாலை பஸ் வராமல் மழையில் நின்றபோது, அறிமுகமில்லாத ஒருவர் காரை நிறுத்தினார்.

“ஏறுங்க மிஸ், நாங்களும் அந்தப் பக்கந்தான் போறோம்.”

பின்னால் அவர் மனைவி இருந்ததால் ஏறினேன்.

அதன்பின் மழை இல்லாத நாட்களிலும் அந்தக் கார் நின்றது. அவர் எதுவும் கேட்கவில்லை. நான் சந்தியில் இறங்கிக்கொள்வேன். ஒருநாள் நேரே என் வீட்டு வாசலில் நிறுத்தினார். வீடு எதுவென்று நான் சொன்னதே இல்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை. காலையில் எங்கள் செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“இனி ஏறாதீங்க. அவரோட விண்ணப்பம் வந்தா நீங்க பார்க்கவும் வேணாம்,” என்றார்.

கொஞ்ச நாளில் கார்க்காரரின் விண்ணப்பம் வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, மண் சரியும் இடத்தில் ஹோட்டல் கட்ட அனுமதி கேட்டிருந்தார். அலுவலகத்துக்கு வந்தவரிடம், அதை வேறு அதிகாரி பார்க்கிறார் என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறியது. போனை நீட்டினார். அதில் நான் அவர் காரில் ஏறும் படங்கள்.

“இத உங்க செயலாளர் பார்த்தா என்னாகும் மிஸ்?”

“அவருக்கு ஏற்கனவே தெரியுங்க,” என்றேன்.

அனுமதி கிடைக்கவில்லை. இப்போது யார் உதவ வந்தாலும், எங்கள் சபையில் அவருக்கு என்ன வேலை என்று விசாரித்த பிறகே நன்றி சொல்கிறேன்.