பொம்மை சொன்னது

எனக்குப் பொம்மைகளைக் கண்டால் பயம் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. பயந்தவன் ஓடுவான். எனக்குக் குமட்டும், அவ்வளவுதான். கடையில் தொங்குகிற கரடி, பிள்ளைகள் தூக்கிக்கொண்டு திரிகிற ரப்பர் பாப்பா, இதெல்லாம் என்னை ஒன்றும் செய்யாது. மனுஷ முகத்தை வைத்துக்கொண்டு ஓயாமல் சிரிக்கிறதே, அதுதான் ஆகாது.

மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஓட்டலில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை சாயங்காலங்களில், தங்க வருகிறவர்களின் பிள்ளைகளுக்காக ஜோக்கர் வேஷக்காரர் ஒருவரை வரவழைப்பார்கள். ஒருநாள் அவர் வேஷத்தைக் கலைக்காமலே எனக்கு எதிரில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். முகத்து வெள்ளைச் சாயம் வியர்வையில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. உதட்டுச் சிவப்பு கோழித் துண்டில் ஒட்ட, அதையும் சேர்த்து மென்றார். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார், பாவம். ஆனால் வரைந்த வாய் காது வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தது. எந்த முகத்துக்கு நான் ஆறுதல் சொல்வது? தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். உறுமுகிற நாயிடம் எப்படி நடந்துகொள்வது என்று நமக்குத் தெரியும். எப்போதும் சிரிக்கிற ஒன்றிடம் எப்படி நடந்துகொள்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இது தெரிந்தும் என் தங்கை மகளின் காது குத்துக்குப் உதடு அசைக்காமல் பொம்மையைப் பேசவைக்கிற பொம்மைக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டார்கள். செய்தது தங்கையின் மாமியார். திருப்போரூர் முருகன் கோயிலில் குழந்தைக்கு மொட்டை, பக்கத்து மண்டபத்தில் காது குத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால் நான் நழுவ வழியில்லை.

"வேற ஆளே கெடைக்கலியா உங்க மாமியாருக்கு?" என்று தங்கையிடம் கேட்டேன்.

"கொயந்த அயாம இருக்கணுமாம். கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கினு ஒக்காருண்ணா" என்றாள்.

இந்தப் பொம்மைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நிகழ்ச்சிக்கு முன்னால் வீட்டுக்காரர்களிடம் யாரை எதைச் சொல்லிக் கிண்டல் செய்யலாம் என்று விசாரித்து வைத்துக்கொள்வார்கள். அப்புறம் பொம்மை ஒவ்வொருவர் விஷயத்தையும் புட்டுப் புட்டு வைக்கும், கூட்டம் அசந்துபோகும். அன்று பொம்மைக்காரருக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர் தங்கையின் மாமியார், எங்கள் சம்பந்தி அம்மாதான். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மனுஷி. எங்கள் பக்கத்தில் ஒருவரையும் அவர் கலந்துகொள்ளவில்லை.

குழந்தையை மடியில் வைத்து நான் உட்கார்ந்ததும், பொம்மைக்காரர் பொம்மையை என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். உதட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் தாடை வரைக்கும் பிளவு. வாய் திறந்தால் உள்ளே வெறும் கறுப்பு. கழுத்துத் துணியில் பழைய வியர்வை வாடை. தலையில் ஒட்டியிருந்தது நிஜ முடி போலிருந்தது. மொட்டை போடுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அது யார் முடியோ என்று யோசிக்கக் கூடாதுதான். யோசித்தேன்.

"இன்னா மாமா, நாப்பது வயசு ஆவப்போவுது, இன்னும் கண்ணாலம் ஆவலியே. நீ பொண்ண பாக்கறியா, பொண்ணு உன்னிய பாத்துட்டு ஓடிகினு கீதா?" என்றது பொம்மை.

மண்டபமே சிரித்தது. குழந்தையும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்துவிட்டார். ஒரு வீறல், அவ்வளவுதான். குழந்தை மறுபடி பொம்மையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. உள்ளதைச் சொன்னால், அதுவரை சம்பந்தி அம்மா கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பொம்மை என் தங்கை பக்கம் தலையைத் திருப்பியது. அவள் வெற்றிலைத் தட்டோடு நின்றிருந்தாள்.

"இன்னாம்மா நீ, நாலு மாசத்துலயே நயுவ உட்டுட்டியாமே? அடுத்த வாட்டியாச்சும் தம்பி பாப்பாவ கெட்டியா புடிச்சிக்கோ."

போன மழைக்காலத்தில் அவளுக்குக் கரு கலைந்திருந்தது. இரண்டு வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. சிரிக்கிற வேகத்தில் இருந்த சிலர் இதற்கும் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். என்னால் எழ முடியவில்லை. குழந்தையின் தலையைக் கையால் பிடித்திருந்தேன், ஆசாரியின் கம்பி அடுத்த காதருகில் இருந்தது.

எல்லோரும் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசியவர் ஒருவர், சொல்லிக்கொடுத்தவர் ஒருவர், இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு தலை திரும்பவில்லை. பொம்மைக்காரர் உதட்டை இறுக மூடித் தரையைப் பார்த்தபடி நின்றார். மரத் தாடை மட்டும் சத்தமில்லாமல் இன்னும் இரண்டு தரம் திறந்து மூடியது.

தங்கை தட்டைக் கீழே வைத்தாள். பொம்மையைத் திரும்பிப் பார்க்காமல் முதல் வரிசையில் இருந்த மாமியார் எதிரில் போய் நின்றாள்.

"அத்த, அன்னிக்கு ஆஸ்பத்திரில என் கூட இருந்தது நீங்க. இத்த உங்க வாயால கேளுங்க. நான் பதில் சொல்றேன்."

சம்பந்தி அம்மா கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து வந்து பொம்மையின் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். "ஏன்டா வாயாடி, எங்க வூட்டுப் பொண்ண இப்டியா பேசுவ? மன்னிப்பு கேளு."

"மன்னிச்சிக்கோம்மா" என்று கீச்சுக் குரலில் சொல்லிப் பொம்மை தலை குனிந்தது. மண்டபத்துக்கு உயிர் வந்தது. கை தட்டினார்கள். எனக்கு வாய் வரைக்கும் கசப்பு வந்து, விழுங்கினேன். மரக்கட்டையைப் பார்த்து இத்தனை வருஷம் குமட்டியவன், அன்று அந்த வரிசை வரிசையான முகங்களைப் பார்க்க முடியாமல் தலையைத் தாழ்த்திக்கொண்டேன்.

"வுடும்மா, பொம்மை தான" என்றார் தங்கையின் புருஷன்.

அவள் என்னிடம் வந்து மடியிலிருந்த குழந்தையைத் தூக்கினாள்.

"ஒத்தக் காதோட எயுந்து போவக்கூடாதும்மா, ஆவாது" என்று ஆசாரி பதறினார்.

"ஆவறது ஆவட்டும்" என்று படி இறங்கிவிட்டாள். நானும் பின்னாலேயே போய் ஆட்டோ பிடித்தேன்.

அடுத்த வாரம் ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில், என் மடியில் வைத்து மற்றக் காதைக் குத்தினோம். குழந்தை ஆசை தீர அழுதது. யாரும் விளையாட்டுக் காட்டவில்லை.

தங்கை இப்போது புருஷன் வீட்டில்தான் இருக்கிறாள். அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் சம்பந்தி அம்மா இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. போன மாதம் நான் போயிருந்தபோது என் எதிரிலேயே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னார்: "பொம்ம சொன்னதுக்குப் போயி கோச்சிக்கினு, கொயந்தைய ஒத்தக் காதோட தூக்கினு பூட்டா."

தங்கை காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சிரித்தார்.