கருப்பட்டிப் பெட்டிக்குள் தேனீ

கல்யாணமாகித் தென்காசிப் பக்கத்திலிருந்து காலடிப்பேட்டைக்கு வந்த புதிது. என் கணவருக்குக் கருப்பட்டி வியாபாரம். வீட்டின் முன்னறைதான் கடை, பின்னறையில் எங்கள் குடித்தனம். அடுத்த வீட்டில் ஐஸ் பேக்டரியில் வேலை பார்ப்பவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த அக்கா குழாயடியில் பேசும் வேகத்தைக் கேட்டு, என்னைத்தான் திட்டுகிறார் என்று பயந்து ஒதுங்கியே இருந்தேன்.

ஒருநாள் காலை என் கணவர் சரக்கு வாங்கக் கொத்தவால் சாவடிச் சந்தைக்குப் போயிருந்தார். காப்பிக்குக் கருப்பட்டி எடுக்க ஓலைப்பெட்டிக்குள் கையை விட்டேன். உள்ளே தேனீக்கள் மொய்த்திருந்ததைக் கவனிக்கவில்லை. புறங்கையிலும் மணிக்கட்டிலும் கொட்டிவிட்டன. நான் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு அக்கா ஓடி வந்தார்.

“இன்னாமே ஆச்சு?”

“தேனீ கொட்டிட்டுக்கா.”

கொடுக்கைப் பிடுங்கப் போன என் விரலைத் தட்டிவிட்டார். “கிள்ளாதமே. நசுக்குனா வெசம் உள்ள பூடும்.” நக நுனியால் ஒவ்வொரு கொடுக்கையும் வழித்து எறிந்தார். சோப்புப் போட்டுக் கழுவினார். “மூச்சு முட்டுதா? தல சுத்துதா?” என்று என் முகத்தையே பார்த்தார். இல்லை என்ற பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

அதற்குள் கை வீங்கி, கண்ணாடி வளையல்கள் சதையில் பதியத் தொடங்கின. சோப்பு நுரை தடவி இழுத்ததில் இரண்டு கழன்றன. மற்றவை அசையவில்லை. அக்கா போய்ப் பாக்குவெட்டியோடு வந்தார்.

“உடைக்காதீங்கக்கா! அவுக வெளிய போயிருக்காக” என்று கையை இழுத்துக்கொண்டேன். புதுப்பெண்ணின் வளையல் உடைந்தால் புருஷனுக்கு ஆகாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

அக்கா கோபப்படவில்லை. என் இடக்கையைத் தூக்கிக் காட்டினார். “இந்தக் கையில நெறயக் கீதே, உம் புருசனுக்கு இது போதாதா?”

அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டேன். கையை நீட்டினேன். அடியில் துணியை மடித்துச் செருகி, ஒரு கீறல்கூடப் படாமல் ஒவ்வொன்றாக நொறுக்கினார்.

மத்தியானம் சாப்பிட வந்த தன் கணவரை வாசலிலேயே நிறுத்தினார். “சோறு அப்பால துன்னலாம். போயி ஒரு துண்டு ஐஸு எட்த்தா.” அவரும் வந்த காலோடு போய், மரத்தூளில் பொதிந்த ஐஸோடு திரும்பினார். அதற்கு முன் நான் ஐஸைத் தொட்டதே இல்லை. துணியில் சுற்றிக் கையில் வைத்ததும் முதலில் சுரீரென்றது. கொஞ்சம் கொஞ்சமாக வலி அடங்கியது.

சாயங்காலம் வந்த என் கணவர் வளையல் இல்லாத என் கையைப் பார்த்துத் திகைத்துப் போனார். நடந்ததைக் கேட்டதும் ஒரு சின்ன ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டியோடு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அக்கா வாங்கிக்கொண்டே சொன்னார்: “மொதல்ல பொட்டிய மூடி வை நைனா.”

அன்றே என் கணவர் எல்லாப் பெட்டிகளுக்கும் துணி கட்டினார்.

வீக்கம் வடிந்ததும் அக்கா என்னைத் திருவொற்றியூருக்குக் கூட்டிப்போய் வளையல் போட்டுவிட்டார். திரும்பும்போது, “கடலப் பாத்துகீறியா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

“இம்மா நாளா இங்க கீற, கடலப் பாக்கலியா? வாமே!”

கடற்கரை மணலில் இருட்டும்வரை உட்கார்ந்து பேசினோம். இருவர் புடவையும் முழங்கால்வரை நனைந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் சேர்ந்தே போவதென்று பேசி முடித்த பிறகுதான் எழுந்தோம்.