தண்ணீர் வடிந்த வெள்ளிக்கிழமை

ஆதம்பாவா மச்சான் பயந்த மனிதர். காத்தான்குடியில் அவரைத் தெரிந்த எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். தெருவில் நாய் படுத்திருந்தால் அடுத்த ஒழுங்கையால் சுற்றிப் போவார். வானம் முழங்கினால் வீட்டில் உள்ள எல்லா வயரையும் கழற்றுவார். பஸ்ஸில் முன் இருக்கை வெறுமையாகக் கிடந்தாலும் பின்னால் போய்த்தான் உட்காருவார். அப்படிப்பட்டவர்தான் எங்களை வெள்ளிக்கிழமைதோறும் ஆற்றங்கரை, வயல் வட்டை, குளக்கட்டு என்று நடக்கக் கூட்டிப் போனார்.

அவர் என் அக்கா, றஸீனா ராத்தாவின் கணவர். எங்கள் வழக்கப்படி கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்தவர். நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த காலத்திலிருந்து ஒரே வீட்டில் இருந்தோம். அதற்கு முன் ஒன்பது வருடம் கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்திருந்தார். அங்கே பச்சை நிறத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தார்ப்பாயைத்தான் பார்க்க வேண்டும் என்பார். திரும்பி வந்து மெயின் றோட்டில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை கடை பூட்டு. காலையில் புட்டும் பொரித்த மீனும் கட்டிக்கொண்டு புறப்பட்டால், ஜும்ஆ தொழுகைக்கு முன் வீடு திரும்பிவிடுவோம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் வரம்பு, செங்கலடிக்கு அப்பால் ஒரு குளம். எல்லாம் பதினைந்து மைலுக்குள்தான். மகள் நஸ்ஹாவுக்குக் கண்டல் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று கேட்பார். அவள் துப்பினால் சிரிப்பார். சிரித்துக்கொண்டே எங்கள் எல்லோரையும் ஒரு தடவை எண்ணிக்கொள்வார். நாங்கள் நாலு பேர்தான்.

இந்த வருடம் நோன்புக்குப் பதினொரு நாள் இருக்க, மாரடைப்பில் மௌத்தானார். ஐம்பத்திரண்டு வயது. ஜனாஸாவுக்கு வந்தவர்கள் அவர் சாரியை விரித்துக் காட்டும் லாவகத்தைப் பற்றிப் பேசினார்கள். ஆறு வருடத்துக்கு முந்திய அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் ஊரை ஒட்டிய வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். வெயில் காலத்தில் ஆற்றின் வாயைக் கடல் மணல் மூடிவிடும். அப்போது ஆறு குளம் மாதிரி அசையாமல் கிடக்கும். நீர் குறைந்த இடங்களில் முழங்காலளவு தண்ணீரில் தைரியமாக நடந்து திட்டுகளுக்குப் போகலாம். மழை தொடங்கினால் தண்ணீர் ஏறி மேற்கே வயல்களை மூடும். விவசாயிகள் முறையிட, மணலை வெட்டி ஆற்றைக் கடலுக்குத் திறந்துவிடுவார்கள். அந்த வருடம் சனிக்கிழமை வெட்டுவார்கள் என்று கடைக்கு வந்த ஒரு கொக்கட்டிச்சோலை விவசாயி மச்சானிடம் சொல்லியிருந்தார்.

“அப்ப வெள்ளிக்கிழமை போய் வந்திரலாம். மறுகா ஆறு ஓடத் தொடங்கினா நான் அந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்க மாட்டன்” என்றார் மச்சான்.

வியாழன் இரவு முழுவதும் மழை கொட்டியது. காலையில் வெளித்திருந்தது. முகத்துவாரத்துக்குப் போகும் வழியில், கண்டல் மரங்கள் நெருங்கி நிற்கும் ஒரு வளைவில் ஆட்டோவை விட்டு இறங்கினோம். போன கிழமை மூழ்கிக் கிடந்த மணல்திட்டு வெளியே தெரிந்தது. அதில் வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி கொக்குகள். நஸ்ஹா துள்ளினாள். மச்சான் ஒரு கண்டல் மரத்தின் அடியைப் பார்த்தார். அவர் வழக்கமாக அளவு பார்க்கும் மரம் அது. ஈரத்தடம் அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது, தண்ணீர் அதற்கு மிகவும் கீழே.

“நல்லா வடிஞ்சிட்டு. முழங்கால்தான் வரும்.”

இரவெல்லாம் மழை பெய்திருக்கத் தண்ணீர் எப்படி வடியும் என்று அவர் யோசிக்கவில்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துக்கொண்டிருந்த நானும் யோசிக்கவில்லை. தண்ணீர் குறைந்தால் பயமில்லை என்பது வெயில் காலம் எங்களுக்குப் பழக்கிவிட்ட பாடம்.

கரைக்கும் திட்டுக்கும் இடையில் வாய்க்கால் பன்னிரண்டு யார் அகலம் இருக்கும். கடக்கும்போது கணுக்காலை ஏதோ மெல்ல இழுத்தது. “என்ன மச்சான், ஓடுது?” என்றேன். “மழைத் தண்ணிதானே” என்றார். ஆனால் நஸ்ஹாவின் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

திட்டில் அரை மணி நேரம் இருந்திருப்போம். ராத்தா புட்டுப் பொதியை அவிழ்த்தாள். முதலில் கேட்டது ஒரு சத்தம். வீட்டு மண்சுவர் சரிவது போல. திரும்பிப் பார்த்தால் நாங்கள் ஏறி வந்த இடத்தில் திட்டின் ஓரம் ஒரு பாய் அளவுக்குக் காணவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த துண்டு வெடித்துச் சாய்ந்து விழுந்தது. வாய்க்கால் தண்ணீர் பழுப்பாகி, முறுக்கி, சுழித்து ஓடியது. கொக்குகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிப் போய்விட்டன.

மச்சான் இறங்கிப் பார்த்தார். ஓட்டம் கீழ் மணலை அரித்திருந்தது. மூன்றாவது எட்டில் நெஞ்சளவு. கால் தடுமாறிக் கீழே இழுபட்டு, திட்டின் கீழ் முனையில் நகத்தால் மணலைப் பிறாண்டி ஏறினார். அவர் முகத்தில் அதற்கு முன் அப்படியொரு நிறத்தை நான் பார்த்ததில்லை.

“யா அல்லாஹ், வெட்டிட்டானுகள்” என்றார். “ஆத்துவாய வெட்டிட்டானுகள்.”

“கத்துங்க” என்றாள் ராத்தா. “நிண்டு பாக்காம கத்துங்க!”

மூவரும் கத்தினோம். மச்சான் நஸ்ஹாவைத் தோளில் ஏற்றினார். திட்டு குறுகிக்கொண்டே வந்தது. நாங்கள் நடுவுக்கு நகர்ந்தோம், பிறகு நடுவே ஓரமாயிற்று. ராத்தாவின் அபாயா நனைந்து காலைச் சுற்றியது. மச்சான் நடுங்கினார். பற்கள் அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நஸ்ஹா மேலிருந்து, “வாப்பா ஏன் ஆடுறீங்க?” என்று கேட்டாள்.

“குளிருது மகள்.”

ஆற்றின் மேல் பக்கமிருந்து ஒரு தோணி வந்தது. அதில் வந்தவர் ஆரையம்பதி இளையதம்பி என்று பிறகு தெரிந்தது. மருமகன் வீட்டில் தங்கி வலை போட வந்தவர். ஓட்டத்தில் தோணியை நிறுத்த முடியாமல் கோலை ஊன்றி ஊன்றிப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு வந்தவர் மச்சானைப் பார்த்து, அண்ணன் முறை சொல்லிக் கத்தினார்.

“காக்கா! தோணி நிக்காது! புள்ளையத் தாங்க! புள்ளைய மட்டும்!”

நஸ்ஹா வாப்பாவின் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. மச்சான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க அவள் மற்ற விரல்களை இறுக்கினாள். தோணியின் ஓரம் திட்டில் இடித்தது. மச்சான் மயிரோடு சேர்த்து இழுத்துப் பிள்ளையைக் கழற்றி, முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குள் எறிந்தார். எறிந்தார் என்பதுதான் சரி. அடுத்த நொடியே தோணி அறுந்தது போல ஓடியது. கடலைப் பார்த்து ஓடியது. “வாப்பா” என்ற சத்தம் கண்டல் வளைவு வரை கேட்டது. பிறகு தண்ணீரின் சத்தம் மட்டும்தான்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ராத்தா பார்த்துக்கொண்டே நின்றாள், அழவில்லை. “எங்க குடுத்தீங்க எண்ட புள்ளைய?” என்று ஒரு தடவை மட்டும் கேட்டாள். வளைவுக்கு அப்பால் ஒரு மைல்கூட இல்லை, வெட்டுவாயும் அதற்கு வெளியே கடலும்தான் என்று மூன்று பேருக்கும் தெரியும். மச்சான் முஷ்டிக்குள் ஏதோ வைத்திருந்தார். அது மகளின் தலையிலிருந்து கழன்ற ரிபன்.

கண்டல் வேர்களுக்கிடையில் முதலில் யாரோ உடுத்த சாரம் ஒன்று தெரிந்தது. வளைவுக்கு அப்பால் தோணியைக் கண்டலுக்குள் செருகி நிறுத்திவிட்டு, இளையதம்பி கரையால் நடந்து வந்தார். ஒரு தோளில் கயிற்றுச் சுருள். மறுபக்க இடுப்பில் நஸ்ஹா.

ராத்தா மணலில் குந்திவிட்டாள்.

“எழும்புங்க தங்கச்சி, அழ நேரமில்ல!” என்று கத்தினார் இளையதம்பி. கயிற்றைக் கண்டல் மரத்தில் கட்டி மறுமுனையை எறிந்தார். ராத்தா, நான், மச்சான் என்ற வரிசையில் ஒவ்வொருவராகக் கயிற்றை இடுப்பில் கட்டி, தண்ணீர் குடித்துக் கரையேறினோம். திரும்பிப் பார்த்தபோது புட்டுப் பொதி கிடந்த இடமும் இல்லை.

“காக்கா, விடியச் சாமத்திலயே வெட்டிட்டாங்க. தெரியாதா?”

“சனிக்கிழமை எண்டாங்க.”

“ராவு மழைக்கு வட்டையெல்லாம் தண்ணிக்குள்ள தாண்டுபோச்சு. சனிக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கச் சொல்லி தண்ணிக்கு ஆர் சொல்ற?” அவர் சாரத்தைப் பிழிந்தார். “வெட்டேக்க ரெண்டு முழம் அகலந்தான். மத்தியானத்துக்குள்ள ஆறே அத அகட்டிப் போடும். தண்ணி கொறையக் கொறையத்தான் இழுவை. சின்னப் புள்ளைக்கும் தெரியுமே.”

“எனக்குத் தெரியாம போச்சு அண்ணன்” என்றார் மச்சான். இளையதம்பியின் கையைப் பிடித்தவர் விடாமல் வைத்திருந்தார். “அந்த மரத்தப் பாத்து முழங்கால் எண்டு நான்தான் சொன்னன்.”

அவர் அதை மறைக்கவில்லை. கடையில், பள்ளிவாசலில், சாப்பாட்டுக் கடையில், தன் பிழையைத் தானே சொன்னார். “என்ன கப்பித்தான், அடுத்த பயணம் எங்க?” என்று றிஷாட் என்ற கூட்டாளி ஆறு மாதம் கேலி பண்ணினான். நஸ்ஹா ஒரு வருடம் வாளித் தண்ணீரில்தான் குளித்தாள், அதுவும் உம்மா கதவைத் திறந்து வைத்தால்தான். வாப்பா தோளில் ஏறச் சொன்னால் ஏற மாட்டாள். அவர் கேட்பதையும் விட்டுவிட்டார்.

அடுத்த மழைக்கு ஆற்றுவாய் வெட்டிய அன்று மச்சான் கடையில் லீவு கேட்டார். விடியற்காலையிலேயே மோட்டார் சைக்கிளில் அந்த வளைவுக்குப் போனார். வெளித்த திட்டையும் கொக்கையும் பார்த்து வண்டியை நிறுத்தும் குடும்பங்களைத் திருப்பி அனுப்பினார். அதற்கடுத்த வருடமும் போனார். ஒவ்வொரு வருடமும் போனார். யாரும் கேட்டுச் செய்ததல்ல.

போன வருடம் நானும் கூடப் போனேன். ஏறாவூரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர் நல்ல பருமன், கையில் போன். பின்னால் இரண்டு சிறு பிள்ளைகள் செருப்பைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். மச்சான் குறுக்கே போய் நின்றார்.

“இண்டைக்கு இறங்கப்படாது தம்பி. ஆத்துவாய் வெட்டியிருக்கு.”

“வெட்டினா என்ன? தண்ணி கொறஞ்சுதானே கிடக்கு.”

“அதுதான் பயம்.”

“இந்த ஆறு ஒங்கட வாப்பாட முதுசமா? எங்களத் தடுக்க நீங்க ஆரு?”

மச்சானுக்குச் சண்டையும் பயம்தான். குரல் ஆடியது.

“நானா? இதே இடத்தில, முழங்காலளவுதான் எண்டு சொல்லி, எண்ட புள்ளைய இந்தத் தண்ணிக்குள்ள கூட்டிப் போனவன்.”

அந்த மனிதர் இன்னும் ஏதோ ஏசிக்கொண்டிருந்தார். வேனுக்குள் இருந்த பெண் இறங்கி வந்து இரண்டு பிள்ளைகளையும் தூக்கி உள்ளே வைத்துக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

வேன் திரும்பிப் போன பிறகு மச்சான் கண்டல் வேரில் உட்கார்ந்தார். அவருக்கு நான் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். வாங்கவில்லை. அடுத்த வண்டி வருகிறதா என்று றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.