அவிழாத வேப்பிலை முடிச்சு

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கண்ணும் வீங்கி மூடிப் போனபோது எனக்கு மாரியம்மன் மேலேயே கோபம் வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ பெரிய பக்தை, அதனால்தான் ஆத்தா இரங்கினாள் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.

ஜப்பான்காரன் காலம் அது. மலாயாவில், லாபு பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருந்தோம். பால் வெட்டுவது எங்கள் வேலை இல்லை. மரத்தைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. காற்றில் முறிந்த கிளைகளை என் வீட்டுக்காரர் மரத்தில் ஏறி அறுப்பார். அவர் இடுப்புக் கயிற்றைக் கீழே மருதை அண்ணன் பிடித்திருப்பார். பட்டை அழுகிய மரங்களுக்கு நானும் மருதை அண்ணனின் மனைவி அஞ்சலை அக்காவும் தார் பூசுவோம். எங்கள் தலைக்கு எண்ணெய் இருக்காது, ஆனால் முழங்கை வரை தார் இருக்கும்.

"பொன்னம்மா, மரத்துக்குப் பூசறியா, ஒனக்குப் பூசிக்கிறியா?" என்று அண்ணன் கேலி செய்வார். "மொதல்ல கயித்தப் பாருங்க, எங்க வீட்டு ஆளு மேல தொங்குறாரு" என்பேன். அந்தக் கயிற்றை அவர் ஒருநாளும் விட்டதில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டோம். யாராவது கேட்டால் என் வீட்டுக்காரர் பெயரை அக்கா சொல்வாள், அண்ணன் பெயரை நான் சொல்வேன். இதைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் சிரிப்போம்.

ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பரை வாங்க ஆளில்லை. மரத்தை வெட்டிவிட்டு மரவள்ளி போடு என்றார்கள். பிள்ளைக்கு மருந்து போடுவதுபோல் நாங்கள் தார் பூசிக் காப்பாற்றிய மரங்களை எங்கள் ஆட்களே வெட்டிச் சாய்த்தார்கள். சாயும் ஒவ்வொரு மரத்துக்கும் அஞ்சலை அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என்ன செய்ய முடியும்? வேலைக்குப் போனால்தான் அரிசி.

தோட்டத்து எல்லையில், ஓடைக்கரையில் ஒரு காட்டுமரம் நின்றது. அதையும் வெட்டச் சொன்னார் எங்களை வேலை வாங்கும் மண்டோர். எங்களுக்கு ரப்பர் மரத்தைத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் கோடரியைப் போட்டதும் அதன் பால் முகத்தில் தெறித்தது. வெள்ளையாக வந்த பால் கொஞ்ச நேரத்தில் கறுத்துப் போனதாம். மறுநாள் முகம் வீங்கி, உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பி, கண் இருந்த இடமே தெரியவில்லை.

பக்கத்து மலாய்க் கிராமத்துக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "கெனா ரெங்காஸ் லா" என்றார். ரெங்காஸ் மரத்துப் பால் பட்டால் தோல் வெந்துபோகுமாம், ஆற நாளாகுமாம். பூசுவதற்குக் குளிர்ச்சியான அரிசிமாவும் கொடுத்தார், புண்ணியவான். என் வீட்டுக்காரரின் சட்டையைத் துவைத்த என் விரல்களும் வீங்கிவிட்டன. சோற்றைப் பிசையக்கூட முடியவில்லை.

ஆனால் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் அதை அம்மை என்றே சொன்னார்கள். அஞ்சலை அக்கா ஒரு கட்டு வேப்பிலை கொண்டுவந்தாள். மரம் ஏறும் பழைய கயிற்றால் அதை வாசலில் கட்டினார் மருதை அண்ணன்.

"அக்கா, இது அம்மா போட்டது இல்லக்கா. மரப்பால்."

"அம்மா எது வழியா வருவான்னு ஒனக்குத் தெரியுமாடி? சும்மா கெட."

அந்த வேப்பிலையால் எனக்கு இன்னொரு கஷ்டம் வந்தது. அம்மை கண்ட வீடு என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்காதவனுக்கு அரிசி இல்லை என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சொல்லிவிட்டார். வேப்பிலை தொங்கும் வீட்டு ஆளைப் பெரட்டில் நிற்கவும் விடமாட்டார்கள். அதோடு ஒரு பேச்சு ஊரெல்லாம் சுற்றியது. சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஆள் ஏற்றுகிறார்களாம், வேலைக்கு நிற்பவனை விட்டுவிட்டு லயத்தில் சும்மா கிடப்பவனைத்தான் பிடிக்கிறார்களாம்.

கண் தெரியாத மனுஷனை லாரியில் ஏற்றினால் அவர் கதி என்ன? நான் ஆத்தாவைக் கெஞ்சினேன். இவர் கண்ணைத் திற, இவரைப் பெரட்டில் கொண்டுபோய் நிறுத்து என்றுதான் கேட்டேன். கண் திறக்கவில்லை. வீக்கம் கூடியது. நீ கல்லுதானா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

ஒரு நாள் விடியற்காலையில் முடிவு செய்தேன். வேப்பிலையை எடுத்துவிட்டு, இவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெரட்டில் நிறுத்திவிடுவது. வாசலில் நின்று முடிச்சைத் தொட்டேன். அது மருதை அண்ணன் மரத்தில் போடும் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். பனியில் வேறு நனைந்திருந்தது. விரலை வைத்ததும் கொப்புளம் உடைந்தது. பல்லால் கடித்தேன். கத்தி, ரம்பமெல்லாம் வேலைக்குப் போன அண்ணனோடு போய்விட்டன. பிய்த்தெறியவும் மனம் வரவில்லை, அம்மன் இலையாயிற்றே.

வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். "தாயே, கண்ணைத்தான் தொறக்கல. இந்த ஒரு முடிச்சையாச்சும் அவுத்துவிடக் கூடாதா?" உள்ளே இருந்து அவர், "யாருகிட்ட பேசுற?" என்றார்.

அப்போதுதான் லாரிச் சத்தம் கேட்டது.

ஊர்ப்பேச்சு பொய். லாரி நேராகப் பெரட்டுக்குத்தான் போயிற்று. வேலைக்கு வந்து நின்றவர்களை அப்படியே ஏற்றினார்கள். பிறகு மிச்ச ஆளைத் தேடி லயத்துக்கு வந்தார்கள். கிராணி முன்னால், சிப்பாய் பின்னால். எங்கள் வாசலுக்கு வந்ததும் கிராணி வேப்பிலையைப் பார்த்து நின்றுவிட்டார். "சாச்சார், துவான்" என்றார். அம்மை என்று மலாயில் சொன்னார். சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். என்னைப் பார்த்தான். அவர்கள் போய்விட்டார்கள்.

நான் கேட்டபடி அந்த முடிச்சு அவிழ்ந்திருந்தால், என் கையாலேயே அவரைக் கொண்டுபோய் லாரியில் ஏற்றியிருப்பேன். ஆத்தா எனக்குச் செவி சாய்க்கவில்லை என்று நான் அழுத நேரத்தில் அவள் என் வாசலிலேயே நின்றிருக்கிறாள். இதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் மருதை அண்ணன் பெரட்டில் நின்றிருந்தார். லாரி பின்னாலேயே ஓடிய அஞ்சலை அக்கா புழுதியோடு திரும்பி வந்தாள். அவளைக் கட்டிப்பிடித்து அழலாம் என்றால் என் கையெல்லாம் புண். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

சில நாளில் என் வீட்டுக்காரருக்குக் கண் திறந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முதலில் கேட்டார், "மருதை எங்க?"

சண்டை முடிந்தது. சிலர் திரும்பி வந்தார்கள். அண்ணன் வரவில்லை.

என் வாசலில் இலையைக் கட்டிக் காப்பாற்றிய அஞ்சலை அக்காவின் வாசலில் நீ ஏன் கட்டாமல் போனாய் என்று ஆத்தாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அக்காவிடமும் ஒருமுறை கேட்டு அழுதேன். "கட்டுனது நாங்கதான்டி, அதுக்காகக் காக்கறது எங்க கையிலயா இருக்கு? ஒனக்குக் குடுத்தத ஒழுங்கா வச்சுக்க" என்றாள். அன்றிலிருந்து இப்படிச் செய், அப்படிச் செய் என்று நான் ஆத்தாவுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. என் குறையை மட்டும் சொல்கிறேன். நீங்களும் சொல்லுங்கள். கேட்டது கேட்டபடி கிடைக்காவிட்டாலும் அவளை விட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொரு திருவிழாவுக்கும் அஞ்சலை அக்காவும் நானும் சேர்ந்தே கோயிலுக்கு வருகிறோம். முதலில் என் தட்டு. பூசாரி பெயர் கேட்டதும் என் வீட்டுக்காரர் பெயரை அக்கா சத்தமாகச் சொல்கிறாள். பிறகு அவள் தட்டு. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று அவள் கற்பூரம் வைக்கிறாள். "யாரு பேருக்கும்மா?" என்கிறார் பூசாரி. அவள் சொல்லமாட்டாள், என்னைப் பார்ப்பாள்.

நான்தான் சொல்கிறேன். நீங்களும் கும்பிடும்போது ஒருமுறை சேர்த்துச் சொல்லுங்கள். மருதை.