ஆளெங்கே அக்கா

நோட்டரி சீலைக் கையில் எடுத்ததும் அக்கா முதலில் அதை ஒரு பழைய தாளில் அழுத்திப் பார்ப்பார். வட்டத்துக்குள் தன் பெயர் எங்கும் உடையாமல் விழுந்த பிறகுதான் வந்தவரை நிமிர்ந்து பார்ப்பார். பிறகு ஒரே கேள்வி: "ஆள் எங்கே?"

கணவருக்காக மனைவி வந்தாலும், மகனுக்காக அப்பா வந்தாலும் அதே கேள்விதான். கையெழுத்துப் போடுகிறவர் எதிரே உட்கார வேண்டும். முகமும் அடையாள அட்டையும் ஒத்துப்போக வேண்டும். 'ஆளெங்கே அக்கா' என்ற பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. மாமனார் காய்ச்சலில் கிடக்கிறார் என்று இழுத்த ஒருவரிடம், "காய்ச்சல் இறங்கட்டும். சீல் எங்கேயும் ஓடிப்போகாது" என்றாராம்.

டிராவல்ஸ் கடையின் மூலையில், பிரிண்டருக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே அவர் மேசை. காலையில் கடையைத் திறப்பவரும் அவரே. கடைச் சாவி அவருடைய வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில் கிடக்கும். அங்கே விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தவரை, கையெழுத்துக்குச் சான்று சொல்லும் நோட்டரி ஆகச் சொன்னது கடை முதலாளிதான்; இந்த நாட்டில் அதற்கு வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, பரீட்சை எழுதினால் போதும். "வர்றவங்க சீலுக்கு வேற இடம் ஓடுறாங்க. நீங்களே பரீட்சை எழுதிடுங்கக்கா."

நோட்டரி ஆவதற்காகக் கைரேகை கொடுத்துவிட்டுப் போலீஸ் சான்று வரும்வரை, வாசல் மணி அடித்தால் அக்கா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். பிழைக்க வந்த நாட்டில் எந்தக் கோப்பில் பெயர் ஏறினாலும் பயம்தான்.

பரீட்சையில் முதல் தடவை தேறவில்லை. 'கையெழுத்துப் போட்டவர் உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர், கையெழுத்தும் அவருடையதே, ஆனால் நேரில் வரவில்லை. சீல் வைக்கலாமா?' என்பது போன்ற கேள்விகளில் சறுக்கினார். வைக்கலாம் என்று எழுதியிருந்தார். "தெரிஞ்சவங்கதானேன்னு நினைச்சுட்டேன். நம்ம புத்தி வேற எப்படிப் போகும்?" மறுமுறை தேறி, அதிகாரி முன்னால் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தபோது பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. முதலிலிருந்து மறுபடி சொன்னார்.

போன மாதம் முதலாளி ஒரு பத்திரத்தை நீட்டினார். தன் அம்மா பெயரில் உள்ள வீட்டைத் தன் பெயருக்கு மாற்றும் பத்திரம். அடியில் அம்மாவின் கையெழுத்து. அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எங்கம்மாக்கா. உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானே. படுக்கையில இருக்கிறவங்கள எப்படித் தூக்கிட்டு வர்றது?" சீல் விழாவிட்டால் இந்த மேசைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தார்.

"அவங்க வர வேணாம். நான் வர்றேன்."

அம்மா படுத்திருந்த, மருந்து வாடை அடித்த அறையில், முதலாளியை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார் அக்கா. கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பத்திரத்தை வரிவரியாக நம் மொழியில் சொன்னார். அந்த அம்மா பத்திரத்தை வாங்கி, அடியில் இருந்த கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"கையெழுத்து என்னுதுதாம்மா. ஆஸ்பத்திரி பேப்பர்னுதான் நீட்டினான்." பிறகு தணிந்த குரலில், "வீடு எம்பேர்லயே இருக்கட்டும். நான் சொன்னேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாத. அவன்தான் சோறு போடுறான்" என்றார்.

அக்கா போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தார்.

"முடிஞ்சுதாக்கா?"

"என்னால இதுல சீல் வைக்க முடியாது. இது என் முடிவு. கோவம் என் மேலயே இருக்கட்டும்."

வளையத்திலிருந்து கடைச் சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றினார். சீல் விழாத பத்திரத்தின் மேல் அதை வைத்து, இரண்டையும் சேர்த்து முதலாளி கையில் கொடுத்தார்.