மாமா மாட்டிவிடும் துணி ஸ்ட்ராப்

புதுத் துணி ஸ்ட்ராப்பில் ஒரு வாசனை வரும்... ஜவுளிக்கடையில் காடாத் துணியைக் கிழிக்கும்போது வருமே, அந்தக் கஞ்சி வாசனை. கையில் கட்டிக் கொஞ்சம் வேர்த்தால் போய்விடும்.

எனக்கு அது மாமா வந்திருக்கிற வாசனை. மாமா என்றால் என் மாமனார்.

வாலிபத்தை முழுக்க சிங்கப்பூரில் கழித்தவர். ஒரே மகள். அவள் நடை பழகியது, பள்ளிக்கூடம் போனது எல்லாமே அவருக்குப் போட்டோவில்தான். மாமியார் மவுத்தான பிறகு ஒரேயடியாகச் சிதம்பரத்துக்கு வந்துவிட்டார். வந்த கையோடு மகளுக்குக் கல்யாணம். கல்யாணம் முடிந்ததும் அவள் என்னோடு கடலூருக்கு வந்துவிட்டாள். இனிமேலாவது மகளோடு இருக்கலாம் என்று வந்த மனிதர்... அவ்வளவு பெரிய வீட்டில் தனி ஆள்.

மாப்பிள்ளைக்கென்று அவர் ஒரு வாட்ச் கொண்டுவந்திருந்தார். பெரிய கம்பெனி வாட்ச். எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட ஆள் கிடையாது. வாட்ச் ஸ்டீல்தான். ஆனால் செயினில் அசல் தங்கம் சேர்ந்திருந்தது. எங்கள் மார்க்கத்தில் ஆம்பிளை தங்கம் போடக்கூடாது. அதை அவர் மறந்துபோனாரா, ஆசை கண்ணை மறைத்ததா, தெரியாது. நான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்த முழியில் மனிதருக்கு முகம் சுண்டிப்போனது.

"செயின கழட்டிப்புடுவோம் மாப்ள. துணி ஸ்ட்ராப் போட்டுட்டா ஒண்ணும் இல்ல" என்று அவரே சிதம்பரம் மேலவீதியில் ஒரு வாட்ச் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் செயினைக் கழற்றிவிட்டு, ஸ்ட்ராப் தட்டை எங்கள் முன்னால் வைத்தார். மாமா எடுத்தது மெரூன் கலரில் பளபளவென்று ஒன்று.

"புது மாப்ள கைக்கி இதான் எடுப்பு" என்றார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

அந்த வாரம் ஜும்மா தொழுகை முடிந்து ஸலாம் சொன்ன எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத், பிடித்த கையை விடவே இல்லை. ஸ்ட்ராப்பைத் தடவிப் பார்த்தார். செயின் கதை அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது.

"ஏன் தம்பி... தங்கத்த கழட்டிட்டுப் பட்ட கட்டிக்கிட்டீங்களா?"

பட்டும் ஆம்பிளைக்கு ஆகாது! தங்கத்துக்குப் பயந்து பட்டில் போய் விழுந்திருக்கிறோம். மாமாவும் மார்க்கம் ஓதினவர், நானும் ஓதினவன். இரண்டு பேருக்கும் கடையில் அது உறைக்கவே இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு வீடு வரைக்கும் கூடவே வந்தது.

விஷயம் கேள்விப்பட்டதும் மாமா பஸ் ஏறி வந்துவிட்டார். சட்டைப்பையில் காக்கி கலர் நூல் ஸ்ட்ராப். ஒரே துண்டு. மேலே இருக்கிற பின்னுக்குள் நுழைத்து, வாட்ச்சின் முதுகு வழியாக இழுத்து, கீழ்ப் பின்னில் வாங்க வேண்டும். ஆயுதம் எதுவும் வேண்டாம். சின்னப் பிள்ளைகூட நிமிஷத்தில் மாட்டிவிடும்.

மாமாவுக்கு அரை மத்தியானம் ஆனது!

நுழைப்பார், இழுப்பார், "முறுக்கிக்கிச்சு" என்று உருவிவிடுவார். மறுபடியும் ஆரம்பிப்பார். பக்கத்தில் மகள் உட்கார்ந்திருப்பாள். என்ன குழம்பு வைத்தாய், பழைய இருமல் விட்டதா... பேச்செல்லாம் அவளோடுதான், கண் மட்டும் ஸ்ட்ராப்பில்.

பெண் கொடுத்த வீட்டில் சும்மா போய் உட்காரக்கூடாது என்பது அவர் பிடிவாதம். விருந்து சொன்னால் வருவார். நல்லது கெட்டது என்றால் வருவார். 'மகளைப் பார்க்கணும் போலிருந்தது' என்று மட்டும் அவர் வாயிலிருந்து வராது. துணி என்றால் அழுக்காகத்தானே செய்யும்? அது அவருக்கு வசதியாகப் போயிற்று.

"அழுக்காயிருக்குமேன்னு வந்தேன் மாப்ள." பச்சை, நீலம், சாம்பல்... வரும்போதெல்லாம் ஒன்று.

எங்கம்மா உள்ளே இருந்தபடியே கிண்டல் செய்வார். "சம்பந்தி வாட்ச்சுக்குப் பண்ற அலங்காரம் கல்யாணப் பொண்ணுக்குக்கூட யாரும் பண்ண மாட்டாங்க." அப்புறம் குரலைத் தணித்து மருமகளிடம், "அடுப்ப நான் பாத்துக்கறேன். நீ போயி அவுங்களோட ஒக்காரு" என்பார்.

ஒருமுறை பாண்டிச்சேரி கடையில் இதே ஸ்ட்ராப் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. பாவம், வயசானவர் வெயிலில் அலைகிறாரே என்று மொத்தமாக வாங்கப் போனேன். கூட வந்த என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கிடாதீங்க... அப்பறம் அத்தா எதச் சொல்லிக்கிட்டு வருவாங்க?"

அப்போதுதான் எனக்கே விளங்கியது. வாங்காமல் வந்துவிட்டோம்.

மாமா மவுத்தான பிறகு சிதம்பரம் வீடு என் மனைவிக்கு வந்தது. நாங்களும் அங்கேயே குடிவந்தோம். போன வருஷம் அவளும் போய்விட்டாள்... இப்போது அதே வீட்டில் நான் தனி ஆள். காலையில் பேப்பர், மத்தியானம் ஓட்டல் சாப்பாடு. சில நாள் ஃபேன் சத்தத்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

எங்கள் மகள் வாழ்க்கைப்பட்டதும் கடலூர்தான். மருமகன் தங்கமான பிள்ளை. போனோடு பேசுகிற வாட்ச் கட்டியிருக்கிறார். அதற்கு ஸ்ட்ராப் வேண்டுமென்றால் போனிலேயே ஆர்டர், வீட்டு வாசலிலேயே டெலிவரி. அழுத்தினால் கழன்றுவிடும், தள்ளினால் மாட்டிக்கொள்ளும். யாரும் யாருக்காகவும் பஸ் ஏற வேண்டியதில்லை. பார்க்கணும் என்றால் வீடியோ கால். எல்லாம் சௌகரியம்தான், குறை சொல்ல முடியாது.

நேற்று மகள் பேசினாள்.

"அத்தா, இந்தப் பக்கம் ஏதாச்சும் வேலையா வந்தீங்கன்னா அப்டியே வீட்டுக்கு வந்துட்டுப் போங்க."

"சரிம்மா... வேல இருந்தா வரேன்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன் நண்பர்களே. கடலூரில் எனக்கு என்ன வேலை இருக்கிறது என்று இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.