நான் குறுக்கே கட்டிய மூங்கில்

ஒன்பதாம் நாளும் என் மகளுக்கு ஜுரம் இறங்கவில்லை. புஷ்பத்துக்கு அப்போது பதினோரு வயது. சுதந்திரம் வந்த மறு வருஷம், புரட்டாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. காலையில் வந்த டாக்டர் அவள் இமையை விலக்கிப் பார்த்தார். தெர்மாமீட்டரை இரண்டு தடவை உதறினார்.

"விஷ ஜுரம், தலைக்கு ஏறுது. மருந்து குடுத்தாச்சு. இனிமே ஐஸ்தான். தலையில ஐஸ் பை வச்சிக்கினே இருக்கணும். சாயந்தரத்துக்குள்ள சூடு எறங்கலன்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, ஒரு ரப்பர் பையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐஸைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்ல வேண்டுமா? நான் ராயபுரம் சூசை. இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். பத்து வயதில் அடுத்தவன் மீன் கூடையைத் தலையில் சுமந்தவன், முப்பது வயதில் என் கூடையை ரயிலேற்றி பெங்களூர் வரைக்கும் அனுப்பினேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. எங்கள் கரையில் மீனை ஐஸில் அடுக்கி வெளியூர் அனுப்பலாம் என்று முதலில் துணிந்தவன் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்றைக்கு என் வீட்டில் ஒரு துண்டு ஐஸ் இல்லை. இல்லாமல் செய்தவனும் நான்தான்.

அதைச் சொல்லிவிடுகிறேன். ஐஸ் மண்டி எங்கள் தெருமுனையிலிருந்து கூப்பிடு தூரம். வைத்திருந்தவர் காசிம் பாய். பன்னிரண்டு வருஷம் அவரிடம்தான் வாங்கினேன். மண்டிக்குப் பக்கத்தில் பள்ளிவாசல். வருஷா வருஷம் மாதா திருநாளுக்கு எங்கள் சப்பரம் அந்த வழியாகத்தான் போகும். தொழுகை நேரமாக இருந்தால் பள்ளிவாசலுக்கு முன்னால் உள்ள விளக்குக் கம்பத்தில் பேண்டு செட்டு நிற்கும். அடுத்த கம்பம் வரைக்கும் சத்தமில்லாமல் நடப்போம். பிறகு அடிக்கத் தொடங்குவோம். யாரும் எழுதி வைத்ததில்லை, அப்படித்தான் நடந்துவந்தது.

அந்த வருஷம் வடக்கேயிருந்து வந்த சேதியெல்லாம் ரத்தம். எங்கள் கரையிலும் ஆள் ஆளுக்கு வாய் நீண்டது. தெருவுக்குத் தலைவன் நான், திருநாளை நடத்தும் பெரியதனமும் என்னுடையது. புதுச் சப்பரம், புதுச் சக்கரம், எல்லாம் என் செலவு. சாயந்தரத் தொழுகை நேரத்தில் கம்பத்துக்கு வந்தோம். பேண்டு செட்டு நின்றது. எனக்குள் ஏதோ ஏறியது. பெரிய டிரம்காரன் காதில், "நான் பார்த்துக்கிறேன், நீ அடி" என்றேன். அவன் அடித்தான்.

ஒரு கல் வந்தது. மாதா சுரூபத்தின் கண்ணாடிக் கூண்டு உடைந்தது. பிறகு இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. நான் டிரம்காரனிடம் சொன்னது யாருக்கும் தெரியாது. கல் மட்டும் எல்லோருக்கும் தெரியும். மறுநாள் கூட்டம் போட்டு நானே உத்தரவு போட்டேன்: காசிம் பாய் மண்டியில் ஒருத்தனும் ஐஸ் வாங்கக் கூடாது, அவர்கள் ஆள் எவனும் நம் தெருவுக்குள் வரக் கூடாது. தெருமுனையில் மூங்கிலைக் குறுக்கே வைத்துக் கயிற்றால் என் கையால் கட்டினேன். அவர்களும் எங்களிடம் மீன் வாங்குவதை நிறுத்தினார்கள். என் மீன் கூடையிலேயே நாறியது. அப்போதும் நான் இறங்கி வரவில்லை.

இப்போது புஷ்பம் வாய் பிதற்றிக்கொண்டு கிடக்கிறாள். என் மச்சான் பவுலை, டாக்டர் போன கையோடு, திருவொற்றியூர்ப் பக்கத்து ஐஸ் கம்பெனிக்கு அனுப்பியிருந்தேன். மணி பதினொன்று, ஆளைக் காணோம். என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கு வருவேன், உள்ளே போவேன், அவள் நெற்றியைத் தொடுவேன், கையை எடுத்துக்கொள்வேன். என் சம்சாரம் செபஸ்தி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

"பாய் மண்டி பக்கத்துல தானே கீது" என்றாள்.

"வாய மூடு" என்றேன்.

"நான் மூடிக்கிறேன். கொளந்த கண்ண மூடிட்டா இன்னா பண்ணுவ?"

மாதா கோவிலுக்கு ஓடினேன். பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுச் சொன்ன செபத்தை மறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன். "சர்வேசுரா, சப்பரத்துக்குச் சக்கரம் போட்டவன் கேட்கிறேன். என் மகளைக் காப்பாற்று. யார் கையால் வேண்டுமானாலும் காப்பாற்று. அந்த பாய் கையால் மட்டும் வேண்டாம்." இப்படி ஒரு செபம் கேட்டிருக்கிறீர்களா? சர்வேசுரனுக்கே மூங்கில் கட்டினேன்.

எத்தனை நேரம் இருந்தேனோ தெரியாது. பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். பவுல் நின்றான். கையில் நனைந்த கோணி.

"பஸ்ல தண்ணி சொட்டுதுன்னு டோல்கேட்ல எறக்கி வுட்டுட்டான் மாமு. அங்கேருந்து ஓட்டமா ஓடியாறேன். இவ்ளோதான் கீது" என்று கோணியை விரித்துக் காட்டினான். எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. நான் கையில் வாங்கியதும் அதுவும் விரலிடுக்கில் ஓடிவிட்டது.

வெறும் ஈரக் கையோடு மறுபடி பீடத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை சக்கரத்தைப் பற்றிப் பேசவில்லை. "எந்தக் கை வழியாக வந்தாலும் சரி" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது. எழுந்து, காசிம் பாய் காலில் விழுவதென்றே தெருமுனைக்கு நடந்தேன்.

அங்கே கூச்சல். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் காசிம் பாய் நிற்கிறார். ஐம்பது வயது மனுஷன், தோளில் கோணி மூட்டை, தாடியெல்லாம் ஐஸ் கரையாமல் மூடிவைக்கிற மரத்தூள், முதுகு வழியாகத் தண்ணீர் வழிந்து லுங்கி நனைகிறது. இந்தப் பக்கம் எங்கள் தெரு வாலிபர்கள் நாலு பேர்.

"சூசை நைனா உத்தரவு பாய். உள்ள வுட முடியாது" என்றான் தாஸ். அவன்தான் அவர்களுக்குத் தலைவன்.

"உத்தரவு போட்டவன் வூட்லதாண்டா கொளந்த படுத்துக்கினு கீது."

"ஐஸுல இன்னா கலந்துகினு வந்தியோ, யார் கண்டா?"

காசிம் பாய் மூட்டையை இறக்கி ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக் கடித்தார். "இந்தா, துன்னுட்டேன். நான் வுழறேனான்னு பாத்துகினு நில்லு. அதுக்குள்ள மீதியும் கரைஞ்சிடும்."

அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள். உத்தரவைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு தாஸ் என் முகத்தைப் பார்த்தான். காசிம் பாய்தான் பேசினார்.

"பவுலு டோல்கேட்டாண்ட ஐஸ் தூக்கிகினு ஓடினத சைக்கிள்ல வந்த என் ஆளு பாத்திருக்கான். உச்சி வெயில்ல மீனுக்கு எவனும் ஐஸ் தூக்கிகினு ஓட மாட்டான். ஜுரத்துக்குத்தான் ஓடுவான். உன் கொளந்தைக்கு ஜுரம்னு கரையெல்லாம் பேச்சு. சண்டைய அப்பால வச்சிக்கலாம் சூசை. ஐஸ வச்சிக்க முடியாது."

நான் மூங்கிலை அவிழ்க்கப் போனேன். சூசை போட்ட முடிச்சு அவிழாது என்று துறைமுகம் வரைக்கும் பெயர். அன்றைக்கு எனக்கே அவிழவில்லை. நகத்தால் நெம்புகிறேன், கயிறு இறுகிக் கிடக்கிறது, ஐஸ் சொட்டுகிறது. காசிம் பாய் காத்திருக்கவில்லை. மூட்டையை மறுபடி தோளில் ஏற்றி, முதுகை வளைத்து, என் மூங்கிலுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார். வாலிபர்கள் விலகினார்கள். அந்த முதுகு குனிந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வீட்டில் அவரே ஐஸை உடைத்தார். பெரிய துண்டைப் பையில் போடாதே, பொடியாக்கிப் போடு என்று செபஸ்திக்குக் காட்டிக்கொடுத்தார். தண்ணீரான பையைக் கொட்டி மறுபடி நிரப்பினார். மூன்று மணிக்கு அவர் ஆள் இன்னொரு மூட்டை கொண்டுவந்தான். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வேறென்ன செய்வது?

சாயந்தரத் தொழுகை நேரம் வந்தது. காசிம் பாய் கை கால் கழுவிக்கொண்டு, கொல்லையில் வலை காய்கிற இடத்தில் துண்டை விரித்து, கடலுக்கு முதுகு காட்டி நின்றார். உள்ளே தெருப் பெண்கள் கூடி உரக்கச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் செபஸ்தி குரலைத் தணித்தாள். மற்றவர்களும் தணித்தார்கள். யாரும் சொல்லவில்லை. யாருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன, மணிகள் ஓடின. அவர் துண்டை மடித்ததும் பழையபடி குரல் எழுந்தது. விளக்குக் கம்பத்தில் நான் செய்ய மறுத்தது இவ்வளவுதான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு புஷ்பம் கண்ணைத் திறந்து, "தலை குளுருது நைனா" என்றாள். ஜுரம் முழுசாக விட மேலும் பதினெட்டு நாள் ஆனது. பதினெட்டு நாளும் ஐஸ் வந்தது.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. செய்த பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் கோவில் சாமியாரிடம் டிரம் விஷயத்தைச் சொன்னேன். "என்னிடம் சொன்னதை மண்டி வாசலில் போய்ச் சொல்" என்றார். இரண்டு நாள் மண்டிவரைக்கும் போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் சொன்னேன். காசிம் பாய் மரத்தூளை வாரிக்கொண்டே கேட்டார், நிமிரவில்லை.

"தெரியும். டிரம்முகாரன் மறுநாளே வந்து அழுதுட்டுப் போனான்."

"தெரிஞ்சா ஐஸ் தூக்கினு வந்தே?"

"ஜுரம் உனக்கா வந்துச்சு? கொளந்தைக்குத்தானே. கல்லு போட்டவன் எங்க ஆளு, அதுவும் எனக்குத் தெரியும். நானும் வாய மூடிகினுதான் இருந்தேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தெருவார் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். சிலர் காறித் துப்பினார்கள். பெரியதனம் போனது. மீன் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்து மூங்கிலை இறக்கினேன். அடுத்த திருநாளுக்குக் கம்பம் வந்ததும் நானே போய் டிரம்மின் தோல்மேல் உள்ளங்கையை வைத்தேன். அடுத்த கம்பம் வரைக்கும் எடுக்கவில்லை. எட்டு வருஷமாக அந்த வேலை என்னுடையது. சக்கரம் செய்து கொடுத்ததைவிட அதைத்தான் இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

கேட்கிறவர்களே, உங்களுக்கும் ஒரு வியாழக்கிழமை வரும். முழந்தாளிடுங்கள், கேளுங்கள், கட்டாயம் கிடைக்கும். நான் அந்த இரண்டாம் செபத்தைச் சொல்லும்போதே ஐஸ் மூட்டை மண்டியிலிருந்து புறப்பட்டுவிட்டது. எந்தத் தெரு வழியாக வர வேண்டும் என்று மட்டும் சர்வேசுரனுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் புஷ்பம்தான். இப்போது வாத்தியாரம்மா வேலைக்குப் படிக்கிறாள். டிரம்காரன் காதில் நான் சொன்ன இடம் வந்தபோது பேனாவை நிறுத்தி, "இதையும் எழுதவா நைனா?" என்று கேட்டாள்.

எழுது என்றேன்.